கேட்கக் கற்ற பிள்ளை காத்திருக்க மறுத்தால்: வலுவூட்டலைக் குறைக்கும் கட்டத்தின் கோளாறுகளும் தீர்வுகளும்

தலையை மோதியும் பக்கத்தில் இருப்பவரைக் கடித்தும் தேவையைச் சாதித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, அதையே ஓர் அட்டை கொடுத்தோ சைகை காட்டியோ ஒரு சொல் சொல்லியோ கேட்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. கேட்டால் உடனே கிடைக்கிறது, கடித்தால் கிடைப்பதில்லை. எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த தொடர்பாடல் பயிற்சியின் சாரம் இதுதான். பல பிள்ளைகளிடம் இந்தக் கட்டம் வேகமாகவே முடிந்துவிடும். தலைவலி அடுத்த கட்டத்தில்தான். நிமிடத்துக்கு மூன்று தடவை அட்டையை நீட்டும் பிள்ளைக்கு நாள் முழுக்க உடனுக்குடன் கொடுத்துக்கொண்டிருக்க எந்த வீட்டாலும் வகுப்பறையாலும் முடியாது. கேட்டதும் கிடைக்கும் இந்தப் பலனுக்குத்தான் வலுவூட்டல் என்று பெயர். அதைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்க ஆரம்பித்ததும் பழைய நடத்தை தலைகாட்டும்.

அது எப்போதோ ஒரு முறை நடப்பதல்ல. ஹகோபியன் ஆய்வுக் குழு 1998-இல் உள்நோயாளிகள் 21 பேரின் சிகிச்சையைத் தொகுத்தபோது, தாமதத்தையோ வேலையையோ கூட்டிப் பார்த்தவற்றில் ஏறக்குறையப் பாதியில் முன்பு கிடைத்த பலன் நழுவியிருந்தது. பிரிக்ஸ் குழு 2018-இல் பார்த்த சிகிச்சைகளில் சுமார் நான்கில் மூன்று பங்கில், குறைக்கும் கட்டத்தில் பழைய நடத்தை ஒரு தடவையாவது திரும்பியிருந்தது. ஆகவே நடத்தை திரும்பியதை வைத்துப் பயிற்சி தோற்றுவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம்.

இப்படி ஆகும்போது பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: "படி பெரிசாகிவிட்டது" என்று காத்திருப்பு நேரத்தை வெட்டுவது. சில சமயம் அது சரி. பல சமயம் படியில் குறையே இருக்காது. எப்போது கேட்டால் கிடைக்கும், எப்போது கேட்டாலும் கிடைக்காது என்பது பிள்ளைக்குப் புரியவில்லை, அல்லது காத்திருக்கும் நேரத்தில் அதற்குச் செய்ய எதுவும் இல்லை. நேரத்தைத் தொடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

முதலில் அமைப்பு சரியா?

கீழே சொல்பவை எல்லாம் பச்சை–சிவப்பு அமைப்பை வைத்துச் சொல்லப்பட்டவை. பச்சை அட்டை தெரியும்போது கேட்டால் உடனே கிடைக்கும். சிவப்பு தெரியும்போது கேட்டால் கிடைக்காது. துறையில் இதற்கு மல்டிபிள் ஷெட்யூல் என்று பெயர். ஹேன்லி, இவாடா, தாம்ப்சன் மூவரும் 2001-இல் காட்டிய வடிவம் பச்சை 45 நொடி, சிவப்பு 15 நொடியில் தொடங்கி, பச்சை 60 நொடி, சிவப்பு 240 நொடிவரை போனது. இன்றும் பல இடங்களில் இலக்கு இந்தக் கடைசி அளவுதான்.

நடைமுறையில் பச்சையை 60 நொடியிலேயே நிறுத்திவைத்துச் சிவப்பை மட்டும் கூட்டுவது வசதி: 2, 4, 8, 15, 30, 60, 90, 120, 180, 240 நொடி. இந்த எண்கள் சட்டம் இல்லை, எளிதாக நினைவில் நிற்கும் ஏணி. பச்சையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 20 நொடி பொருளோ கவனமோ கொடுங்கள். அட்டைகள் கையளவு இருக்கட்டும். பச்சையில் ஒரு வட்டமும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறியும் போடுங்கள், நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் உண்டு. பேச்சு புரியும் பிள்ளை என்றால் செஷன் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை விதியைச் சொல்லுங்கள்: "பச்சை இருந்தா கேளு, உடனே தருவேன். சிவப்பு இருந்தா தர மாட்டேன், பச்சை வர்ற வரைக்கும் இரு."

அடுத்த படிக்குப் போக இரண்டு நிபந்தனைகள், தொடர்ந்து இரண்டு செஷன்களில் நிறைவேற வேண்டும். ஒன்று, சிக்கல் நடத்தை, பயிற்சிக்கு முன் இருந்த தொடக்க அளவிலிருந்து 90 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 2 தடவை என்றால் 10 நிமிடச் செஷனில் 2-க்கு மேல் போகக் கூடாது. இரண்டு, கோரிக்கைகளில் 80 சதவீதமாவது பச்சையில் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது கணக்கைச் சிவப்பு 30 நொடியைத் தாண்டும்வரை நம்பாதீர்கள். சிவப்பு 4 நொடிதான் என்றால் அதற்குள் கேட்க நேரமே இல்லை, சதவீதம் தானாக அழகாக வரும்.

சிவப்பு தெரியும்போதும் ஓயாமல் கேட்கிறது

அதிகம் வரும் கோளாறு இது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டால், பலன் கிடைக்காத கோரிக்கை பத்துப் பதினைந்து தடவை நீண்டு, கடைசியில் கடியில் போய் முடியும்.

முதல் சோதனை: பிள்ளை அட்டையைப் பார்க்கிறதா, உங்களைப் பார்க்கிறதா? செஷனை வீடியோ எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, அட்டை மாறும் நொடியை மட்டும் நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். பல வீடியோக்களில் ஒரே காட்சிதான்: சிவப்பு வைக்கும் கை கூடவே டேப்லெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறது, பெரியவர் பின்னால் சாய்கிறார், பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். பிள்ளையின் கண் டேப்லெட் போன பக்கமே போகிறது, அட்டை மடியில் கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சிவப்பு என்பது அட்டை இல்லை, சாய்ந்த உடம்பு. மறுநாள் சாயாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் எதுவும் புரியாது, விடாமல் கேட்கும். தீர்வு: டேப்லெட்டை இரண்டு நேரத்திலும் ஒரே இடத்தில் வையுங்கள், உட்காரும் விதத்தை மாற்றாதீர்கள், அட்டையைப் பிள்ளையின் கண் மட்டத்தில் காட்டிவிட்டு மேசையில் நிறுத்திவையுங்கள். மாறிய மூன்று நொடிக்குள் பிள்ளை அட்டையைப் பார்க்கவில்லை என்றால் விரலால் சுட்டிக்காட்டுங்கள், பேச வேண்டாம்.

இரண்டாவது, வரிசை மனப்பாடமாகிவிட்டதா? பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று அச்சடித்ததுபோல் ஓட்டினால் பிள்ளை நிறத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. "கிடைத்து முடிந்தது, அடுத்து கிடைக்காது" என்ற கணக்கு போதும். சிவப்பின் நீளத்தைச் சராசரி மாறாமல் அங்குமிங்கும் நகர்த்துங்கள்: 60 நொடிப் படி என்றால் 40, 75, 65, 60. அவ்வப்போது இரண்டு பச்சையை அடுத்தடுத்து வையுங்கள்.

மூன்றாவது, சிவப்பில் உண்மையிலேயே எதுவும் கிடைப்பதில்லையா? கவனத்துக்காக நடந்துகொள்ளும் பிள்ளையிடம் ஒவ்வொரு கோரிக்கைக்கும் "இன்னும் சிவப்புதான் கண்ணா, கொஞ்சம் இரு" என்று சொன்னால் அதுவே பலன். சிவப்பில் வரும் கோரிக்கைக்குப் பதில் பேச்சும் வேண்டாம், முகம் மாறவும் வேண்டாம். தேவைப்பட்டால் அட்டையை ஒரு தடவை தொட்டுக்காட்டுங்கள், அவ்வளவுதான். பத்துத் தடவை கேட்ட பிறகு "பாவம், ஒரே ஒரு தடவை" என்று கொடுப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். அது பதினோராவது தடவைவரை கேட்கப் பயிற்சி கொடுக்கிறது.

மேலே சொன்ன எதிலும் குறை இல்லை என்றால் சிவப்பு மிகக் குட்டையாக இருக்கலாம். 2, 4 நொடிப் படிகளில் கேட்டும் கிடைக்காத அனுபவமே பிள்ளைக்கு ஏற்படுவதில்லை, அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்? பெரிய காயம் ஏற்படுத்தாத நடத்தை என்றால் 15 அல்லது 30 நொடிக்குத் தாவி, அங்கேயே நின்று நிறத்தைக் கற்றுக்கொள்ளவிடுங்கள். நிறம் பிடிபட்ட பிறகு படிகளை அடுக்கவே வேண்டியதில்லாமல் போகலாம். பெட்ஸ் குழு 2013-இல் அதைத்தான் காட்டியது: அட்டையின் ஆட்சி, அதாவது நிறத்தைப் பார்த்தே பிள்ளை நடந்துகொள்வது, உறுதியானதும் இடைப்படிகளை விட்டுவிட்டு நேரே நீண்ட சிவப்புக்குப் போக முடிந்தது. சிவப்பைத் தயங்கித் தயங்கி இரண்டு நொடி கூட்டிக்கொண்டே மாதக்கணக்கை ஓட்டுவது, பார்ப்பதற்கு எவ்வளவு கவனமான வேலையாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் வீண்.

சிவப்பில் பழைய நடத்தை திரும்புகிறது

"சிவப்பில் 4 தடவை அடித்தது" என்ற பதிவு போதாது. சிவப்பின் எந்த நொடியில் என்று எழுதுங்கள். மருந்து அதைப் பொறுத்தது.

*சிவப்பு வந்த முதல் 10 நொடிக்குள்:* காத்திருப்பு சிக்கல் இல்லை, பறிப்பதுதான் சிக்கல். கையில் ஓடும் வீடியோவைப் பாதியில் பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரும். 20 நொடிப் பலன் முடிந்து பொருள் உங்கள் கைக்குத் திரும்பிய பிறகே சிவப்பைக் காட்டுங்கள், பச்சை சில நொடி நீண்டாலும் பரவாயில்லை. பொருளைத் திருப்பிக் கொடுப்பதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம்: கொடுத்ததும் இன்னொரு சிறிய பொருளைக் கையில் வைத்து, சில தடவை உடனே முதல் பொருளைத் திருப்பித் தந்து.

*நடுவில்:* செய்ய எதுவும் இல்லை. சிவப்பு நேரத்துக்கென்று மட்டும் இரண்டு மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைக்குப் பிடிக்கும் என்று பெரியவர்கள் நினைப்பது போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் 2 நிமிடம் கொடுத்து, எத்தனை நொடி கையில் வைத்திருந்தது, அப்போது சிக்கல் நடத்தை வந்ததா என்று எண்ணுங்கள். 2 நிமிடத்தில் 90 நொடிக்கு மேல் ஈடுபட்டு, சிக்கல் நடத்தையே வராத பொருள்தான் வேண்டும். கவனத்துக்காக அடிக்கும் பிள்ளைக்குச் சத்தம் வரும் பொம்மை உதவலாம். பச்சையில் டேப்லெட் கேட்கும் பிள்ளைக்குச் சிவப்பில் இன்னொரு திரையைக் கொடுத்தால் பச்சையின் மதிப்புப் போய்விடும். 60 நொடிக்கு மேல் போகும்போது இந்தப் பொருள்கள் இல்லாமல் சமாளிப்பது பலருக்குக் கடினம். இதைச் சலுகையாக நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

*கடைசி 15 நொடியில்:* பெரும்பாலும் நாம் தெரியாமல் கற்றுக்கொடுத்தது. பிள்ளை கத்துகிறது, அதே நொடியில் டைமர் முடிகிறது, பச்சை வருகிறது. ஓரிரு தடவை இப்படி அமைந்துவிட்டால் "கத்தினால் பச்சை வரும்" என்று ஆகிவிடும். டைமர் முடிந்தாலும் கடைசி 10 நொடி சிக்கல் நடத்தை இல்லாமல் கழிந்த பிறகே பச்சைக்கு மாறுங்கள். கடுமையான நடத்தை என்றால் 20, 30 நொடி. இந்தக் காத்திருப்பில் சிவப்பு இரண்டு மடங்காக நீளும் நிலை வந்தால் ஒரு படி இறங்குங்கள். டைமரின் திரை பிள்ளைக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள். எண் இறங்குவதைப் பார்த்து அடங்கும் பிள்ளையும் உண்டு, எண் இறங்க இறங்கக் கொதிக்கும் பிள்ளையும் உண்டு. இரண்டு செஷன் திரையைக் காட்டியும் இரண்டு செஷன் மறைத்தும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த நேரத்தில் என்று எந்த ஒழுங்கும் தெரியாமல், இரண்டு செஷன் தொடர்ந்து தொடக்க அளவின் பாதியைத் தாண்டினால் அப்போது இறங்குங்கள். முன்பு நன்றாக இருந்த கடைசிப் படிக்கு இறங்க வேண்டும், ஏணியின் அடிக்கு அல்ல. ஒவ்வொரு சறுக்கலுக்கும் 2 நொடிக்கே திரும்பினால், அடித்தால் சிவப்பு சுருங்கும் என்ற பாடம்தான் மிஞ்சும்.

பச்சை வந்தும் கேட்பதில்லை

அமைதியாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படும் கோளாறு. கோரிக்கை செத்துப்போனால் அடுத்து நடத்தைக்குத் திரும்புவதைத் தவிரப் பிள்ளைக்கு வழி இல்லை.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். பச்சை 60 நொடி, ஒவ்வொரு தடவையும் பலன் 20 நொடி என்றால் பிள்ளை அதிகபட்சம் மூன்று தடவைதான் கேட்க முடியும். பலனை அனுபவிக்கும் நேரத்தைக் கழிக்காமல் "நிமிடத்துக்கு 3 தானே" என்று கவலைப்பட வேண்டாம். கழித்த பிறகும் குறைவாக இருந்தால்தான் கோளாறு.

அடுத்து, அந்தப் பொருள் செஷனுக்கு வெளியே தாராளமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். காலையெல்லாம் டேப்லெட் பார்த்த பிள்ளை பத்து மணிக்கு அதற்காக அட்டை நீட்டாது. அதுவும் இல்லையென்றால் சிவப்பை வேகமாக நீட்டியதில் கோரிக்கை தளர்ந்திருக்கும். ஒரு செஷன் முழுக்கப் பச்சையாக ஓட்டுங்கள். 5 நொடியில் கேட்காவிட்டால் கேட்கும் அட்டையை நோக்கிக் கையை லேசாகத் தூண்டுங்கள், தூண்டுதல் இல்லாமல் தொடர்ந்து 5 தடவை கேட்ட பிறகு பழைய படிக்கு வாருங்கள்.

"இரு" என்று தள்ளிப்போட்டால் உடைகிறது

பச்சை–சிவப்பு அட்டையே இல்லாமல், கேட்டதும் "கொஞ்சம் இரு" என்று சொல்லி 5, 10, 30 நொடி என்று தாமதத்தை நீட்டும் முறையைப் பலர் இயல்பானது என்று தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க இயல்புதான், நீளும்போது பலவீனமானது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் இடைவெளி விரிய விரிய இரண்டுக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்கு அறுந்துபோகும். 30 நொடியைத் தாண்டும்போது கோரிக்கையும் குறைந்து நடத்தையும் ஏறினால் இதற்குள் நேரத்தைச் சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டிருக்காமல் முறையை மாற்றுங்கள்.

ஒரு வழி பச்சை–சிவப்பு. இன்னொன்று, வெறும் நேரத்துக்குப் பதிலாகச் செயலைப் பொறுத்துத் தாமதத்தை முடிப்பது. கேமகாமி, ஹேன்லி, ஜெஸ்ஸல் மூவரும் 2016-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது இதுவே தேறியது. அதன் வரிசை இப்படி: பிள்ளை கேட்கிறது, பாதித் தடவைகளில் உடனே கொடுக்கிறீர்கள், மற்ற தடவைகளில் "இப்ப இல்ல" என்கிறீர்கள், அப்போது "சரி" என்று சொல்லவோ தலையாட்டவோ கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள், சொன்னதும் ஒரு சின்ன வேலை, முடிந்ததும் கேட்டது கிடைக்கும். "சரி" சொன்னதும் உடனே கொடுப்பதிலிருந்து தொடங்கி, இரண்டு துண்டு அடுக்குவது, பிறகு ஐந்து என்று வேலையைக் கூட்டலாம். எந்தத் தடவை உடனே கிடைக்கும், எது தள்ளிப்போகும் என்று பிள்ளை ஊகிக்க முடியாமல் கலந்துவிடுங்கள். முதல் நாள் தொடங்கிக் கடைசிவரை சில தடவையாவது உடனே கிடைப்பது முக்கியம். அதை நிறுத்தினால் கோரிக்கை நின்றுவிடும்.

வேலையிலிருந்து இடைவேளை கேட்கும் பிள்ளை ஐந்தாவது வேலையில் உடைகிறது

இங்கே சிவப்பு என்பது வேலை, பச்சை என்பது இடைவேளை கேட்கலாம் என்ற நிலை. நேரத்தை அல்ல, வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம்: 1, 2, 3, 5, 7, 10. மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவும்போது உடைவது வழக்கம். இடைவேளை அதே 30 நொடியில் நின்றுவிடுவதுதான் காரணம். வேலை இரட்டிக்கும்போது இடைவேளையையும் நீட்டுங்கள், பத்து வேலைக்கு 3 நிமிடம்கூட அதிகம் இல்லை. இன்னும் எத்தனை பாக்கி என்று பிள்ளைக்குத் தெரியவும் வேண்டும். ஐந்து வட்டம் வரைந்து, ஒவ்வொன்று முடிந்ததும் ஒன்றை மூடுங்கள்.

கையைப் பிடித்துச் செய்யவைத்ததைக் கணக்கில் சேர்ப்பதா? சேர்க்காதீர்கள். சேர்த்தால் பிள்ளை தளர்ந்து உட்கார்ந்து உங்கள் கையாலேயே பத்தையும் முடித்துவிடும். சொல்லியோ சுட்டிக்காட்டியோ செய்தவை மட்டும் எண்ணிக்கை. சிக்கல் நடத்தை வந்த வேலையும் எண்ணிக்கையில் சேராது, அதையே அமைதியாகத் திரும்பக் கொடுங்கள்.

அட்டையை எடுத்து ஒளித்துவைத்தால் மட்டும் அமைதி

கேட்கும் அட்டையையே சிவப்பு நேரத்தில் எடுத்துவிடுவது ரோன் குழு 2004-இல் பயன்படுத்திய உத்தி. வீண் கோரிக்கையை ஒரேயடியாக நிறுத்தும். வாயால் கேட்கும் பிள்ளையிடம் செல்லாது. பேச முடியாத பிள்ளையின் குரல் கருவியைப் பறிப்பது சரியல்ல, அதில் வலி, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இருக்கும். எடுப்பதாக இருந்தால் அந்த ஒரு பொருளுக்கான அட்டையை மட்டும்.

எல்லாம் ஒரே நாளில் குலைந்தது, பச்சையிலும்கூட

இது அட்டவணைக் கோளாறு இல்லை. பல், காது, மலச்சிக்கல், தூக்கம், மாற்றிய மருந்து என்று உடம்பிலிருந்து தேட ஆரம்பியுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். படியை அதுவரை நிறுத்திவையுங்கள். கண், தலை, தோலைக் காயப்படுத்தும் நடத்தை என்றால் இந்தக் கட்டத்தையே நடத்தைப் பகுப்பாய்வில் தேர்ந்தவரின் நேரடிப் பார்வையில்தான் செய்ய வேண்டும். எத்தனை தடவை அடித்தால் அல்லது எந்தக் காயம் ஏற்பட்டால் செஷனை நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள்.

தெரபிஸ்டிடம் நாலு நிமிடம் இருக்கிறது, அம்மாவிடம் பத்து நொடிகூட இல்லை

அட்டையின் ஆட்சி ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 240 நொடியை வீட்டில் கேட்பது நியாயமில்லை. புதிய ஆளோடு 15 அல்லது 30 நொடியில் தொடங்குங்கள், முதல் சில செஷன்கள் தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கட்டும், ஏணியில் வேகமாகவே ஏற முடியும். அதே அட்டைகள், அதே சொற்கள். வீட்டில் அட்டையைத் தேடி எடுப்பதற்குள் பிள்ளை கேட்டுவிடும் என்பதால் கழுத்தில் மாட்டும் இருபக்க அட்டை அல்லது நிறம் மாற்றிப் போடும் மணிக்கட்டுப் பட்டை வசதி. சமைக்கும்போதோ போனில் பேசும்போதோதான் பெரும்பாலும் தர முடியாமல் போகிறது என்றால் அந்த நேரங்களில் தவறாமல் சிவப்பைக் காட்டுங்கள். சில வாரம் கழித்துப் போனைக் காதில் வைத்ததும் அட்டையைக் காட்டாமல் ஒரு தடவை விட்டுப் பாருங்கள். பிள்ளை தன் சிவப்பு நேரப் பொருளைத் தேடிப் போனால் அந்த நேரத்துக்கு இனி அட்டை தேவையில்லை. போகவில்லை என்றால் அட்டையோடு இன்னும் ஒரு வாரம்.